பொட்டலம் தூக்குவதற்கு முன் வீட்டுக்குப் போய்ப் பாருங்கள்

கத்தோலிக்கப் பங்குகளில், அதாவது ஒரு பங்குத்தந்தையின் பொறுப்பில் இருக்கும் கோவில் சமூகங்களில், நடக்கும் அறப்பணி பற்றிக் கொஞ்சம் நீளமாகவே எழுத வேண்டியிருக்கிறது. பொறுமை உள்ளவர்கள் படியுங்கள்.

கிறிஸ்து பிறப்பு விழா நெருங்கினால் கோவில் வாசலில் துணிமூட்டையும் மளிகைப் பொட்டலமும் வைக்க இடம் இருக்காது. ஜூன் மாதம் போய்ப் பார்த்தால் அதே அலமாரியில் தூசிதான். பங்கு மக்களுக்கு மனசு இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஏற்பாடுதான் இல்லை. இந்தப் பிரச்சினைக்கு வயது நானூறு ஆண்டுக்கு மேல். 1617 ஆகஸ்டில் பிரான்சின் ஷாத்தியோன் என்ற ஊரில் பங்குத்தந்தையாக இருந்த வின்சென்ட் தே பவுல், ஒரு குடும்பத்தில் எல்லோரும் நோயில் கிடக்கிறார்கள் என்று ஞாயிறு மறையுரையில் சொன்னார். மாலையில் அவரே பார்க்கப் போனபோது வழியெல்லாம் உணவு கொண்டுபோகிறவர்களும் கொடுத்துவிட்டுத் திரும்புகிறவர்களும். இன்றைக்கு இவ்வளவும் குவியும், பாதி கெட்டுப்போகும், பிறகு அந்த வீட்டை யாரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள் என்பது அவருக்குப் புரிந்தது. சில நாட்களில் ஊர்ப் பெண்களைக் கூட்டினார். ஆளுக்கொரு நாள் என்று முறை வைத்தார். அந்த ஆண்டு முடிவதற்குள் எழுதப்பட்ட ஒழுங்குவிதியோடு ஒரு சங்கம் உருவாகிவிட்டது. அதில் எனக்கு மிகவும் பிடித்த விதி: துணைக்கு ஆள் இருக்கும் நோயாளிகளை முதலில் பார்க்க வேண்டும், தனியாக இருப்பவரைக் கடைசியில் பார்க்க வேண்டும். அடுத்து போக வேண்டிய வீடு இல்லாததால் அவரோடு அதிக நேரம் உட்காரலாம். இதை யோசித்தவர் எத்தனை வீடு ஏறி இறங்கியிருப்பார்!

1833இல் பாரிசில் பிரடெரிக் ஓசானாமும் அவரது மாணவ நண்பர்களும் தொடங்கிய வின்சென்ட் தே பவுல் சபைக்கும் வீடு சந்திப்புதான் அடிப்படை. ஏழைகளை எப்படிச் சந்திப்பது என்று அவர்களுக்குப் பழக்கிக் கொடுத்தவர் ரோசலி ராந்து என்ற அருள்சகோதரி. ஆனால் இன்று பல பங்குகளில் சந்திப்பு தேய்ந்து, பொட்டலம் மட்டும் மிஞ்சியிருக்கிறது. என் வாதம் இதுதான்: வீட்டைப் பார்க்காமல் கொடுக்கும் எதுவும் பாதி வீண்.

எப்படிப் போக வேண்டும்? எப்போதும் இருவராக. தனியாக வாழும் பெண்ணின் வீடு என்றால் இருவரில் ஒருவராவது பெண். முன்கூட்டியே சொல்லிவிட்டு, அவர்களுக்கு வசதியான நேரத்தில். முதல் சந்திப்புக்கு அரைமணி நேரம் போதும், அதில் பாதிக்கு மேல் அவர்களே பேசட்டும். தாளையும் பேனாவையும் கையில் எடுத்தால் அது விசாரணை ஆகிவிடும். வெளியே வந்த பிறகு எழுதிக்கொள்ளுங்கள். தெரிந்துகொள்ள வேண்டியவை: வீட்டில் எத்தனை பேர், யார் சம்பாதிக்கிறார்கள், வாடகை எத்தனை மாதம் பாக்கி, தினமும் சாப்பிடும் மாத்திரை என்ன, பள்ளியை நிறுத்திய பிள்ளை உண்டா, அரசு உதவிக்குத் தகுதி இருந்தும் விண்ணப்பிக்காமல் இருக்கிறார்களா, அடுப்பு எரிகிறதா. கடைசிக் கேள்வியைச் சிரித்துக்கொண்டு கடந்துவிடாதீர்கள். எரிபொருள் இல்லாத வீட்டுக்குச் சமைக்காத தானியத்தைக் கொடுத்துவிட்டு வரும் பங்குகள் உண்டு. அந்த வீட்டுக்காரர் அதை விற்றதும், "கொடுத்ததை விற்றுவிட்டார்கள்" என்று பங்குப் பேரவையில் புகார் வேறு.

முதல் சந்திப்பிலேயே எந்த வாக்கும் கொடுக்கக் கூடாது. "பேசிவிட்டு இந்தத் தேதிக்குள் சொல்கிறோம்" என்று சொல்லி, அந்தத் தேதிக்குள் சொல்லிவிட வேண்டும். முடியாது என்றாலும் நேரில் போய்ச் சொல்ல வேண்டும்.

இப்போது பொட்டலக் கணக்குக்கு வருவோம். ஒருவருக்கு நாளொன்றுக்குச் சுமார் 2,100 கலோரி என்பது நிவாரணப் பணிகளில் வைக்கும் அளவு. அதற்குத் தானியம் மட்டும் தலைக்கு ஏறத்தாழ 400 கிராம், பருப்பு 60 கிராம், எண்ணெய் 25 கிராம் வரும். நான்கு பேர் உள்ள வீட்டுக்கு 30 நாளுக்கு 48 கிலோ தானியம், 7 கிலோவுக்குச் சற்று மேல் பருப்பு, 3 கிலோ எண்ணெய். நாம் கொடுக்கும் 5 கிலோ பை அந்த வீட்டில் மூன்று நாள் தாங்கும். 5 கிலோ கொடுக்கக் கூடாது என்று சொல்லவில்லை. ஆனால் "நூறு குடும்பங்களுக்கு உணவளித்தோம்" என்று அறிவிப்பதற்கு முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். நூறு வீட்டுக்கு மூன்று நாள் கொடுப்பதா, பத்து வீட்டுக்கு ஒரு மாதம் கொடுப்பதா? வேலை போனவர் அடுத்த வேலை தேடும் வரை தாக்குப்பிடிக்க வேண்டுமென்றால் இரண்டாவதுதான் உதவும். படத்துக்கு முதலாவது அழகாக இருக்கும், அதுதான் சிக்கல்.

சமைத்த உணவு என்றால் விதி இன்னும் கடுமை. சூடாகக் கொடுப்பதை 60 டிகிரி செல்சியசுக்கு மேலேயே வைத்திருக்க வேண்டும், குளிர்ச்சியாக வைப்பதை 5 டிகிரிக்குக் கீழே. சாதாரண வெப்பத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்தால் கொட்டிவிட வேண்டும். காலைத் திருப்பலிக்கு (பூசைக்கு) முன் சமைத்து, மதியம் வரை மூடி வைத்து, பிறகு கொடுக்கும் பழக்கம் ஆபத்தானது. குழந்தை இருக்கும் வீடு என்று பால்மாவு டப்பாவைத் திணிப்பதும் தவறு. தாய்ப்பால் குறையும், கலக்கும் தண்ணீர் சுத்தமில்லை என்றால் வயிற்றுப்போக்கு வரும். தாய்க்குச் சத்துணவு கொடுங்கள்.

துணி பற்றி ஒரு வரி: வாங்கும்போதே பிரிக்காவிட்டால் பிறகு யாரும் பிரிக்கப் போவதில்லை. கிழிந்ததையும் கறை படிந்ததையும் அங்கேயே திருப்பிக் கொடுங்கள், கொண்டுவந்தவர் முகம் சுளித்தாலும் சரி.

பணத்துக்கு வருவோம். மனத்தாங்கல் பிறக்கும் இடம் இது. உண்டியலையோ சிறப்புக் காணிக்கையையோ ஒருவர் மட்டும் எண்ணக் கூடாது. ஒரே குடும்பத்தைச் சேராத மூவர், கோவில் வளாகத்தை விட்டு வெளியேறும் முன், எண்ணிக் கையெழுத்திட வேண்டும். இது சந்தேகப் புத்தி இல்லை. எருசலேம் ஏழைகளுக்குத் திரட்டிய பெருந்தொகையைப் பற்றி யாரும் குறை கூறிவிடக் கூடாது என்று திருத்தூதர் பவுலே எச்சரிக்கையாக இருந்தார், கூடவே ஆட்களையும் அனுப்பினார் (2 கொரிந்தியர் 8). திருச்சபைச் சட்டம் 1267இன் மூன்றாம் பிரிவு இன்னொன்றையும் கட்டாயமாக்குகிறது: ஒரு நோக்கத்துக்காக மக்கள் கொடுத்ததை அந்த நோக்கத்துக்கு மட்டுமே செலவிடலாம். வெள்ள நிவாரணத்துக்கு வந்ததில் மிச்சம் இருக்கிறது என்று கோபுரத்துக்கு வர்ணம் பூச முடியாது. அதனால் காணிக்கை அறிவிப்பிலேயே "மிஞ்சினால் பங்கின் பிற ஏழைகளுக்குப் பயன்படும்" என்ற வாக்கியத்தைச் சேர்த்துவிடுங்கள், பிறகு தலைவலி இல்லை. ஒவ்வொரு பங்கிலும் நிதிக்குழு இருக்க வேண்டும் என்கிறது சட்டம் 537. அறப்பணிக் கணக்கும் அதன் மேசைக்குப் போக வேண்டும்.

வாடகை, மருந்து, பள்ளிக் கட்டணம் போன்றவற்றை முடிந்தவரை உரியவருக்கு நேரடியாகக் கட்டி ரசீது வாங்குங்கள். பயனாளிகளின் பெயர்ப் பட்டியலை மட்டும் அறிவிப்புப் பலகையில் ஒட்டாதீர்கள். கணக்கு வெளிப்படையாக இருக்கட்டும், பெயர்கள் அப்படி இருக்க வேண்டாம். மேடையில் வரிசையாக நிறுத்திப் பொட்டலம் கொடுத்துப் படமெடுப்பதையும் இதோடு நிறுத்தலாம். அதே பள்ளியில் படிக்கும் அந்த வீட்டுப் பிள்ளைக்கு மறுநாள் வகுப்பில் என்ன பெயர் கிடைக்கும் என்று மேடையில் நிற்பவர்கள் யோசிப்பதில்லை.

வருமானம் சீராக வர ஒரு பழைய வழி உண்டு. 1822இல் லியோனில் தொடங்கிய நம்பிக்கைப் பரப்பு சபைக்கு அடித்தளம் இட்ட பவுலின் ஜாரிக்கோ என்ற பெண், பத்துப் பத்துப் பேராகக் குழு அமைத்து, ஆளுக்கு வாரம் ஒரு சிறு நாணயம் திரட்டினார். மறைபரப்புக்கு உலகெங்கும் பணம் சேர்ந்தது இப்படித்தான். அன்பியத்தில் (பங்குக்குள் அக்கம்பக்கத்து வீடுகள் சேர்ந்த சிறு குழுவில்) பத்து வீடு மாதாமாதம் கொடுக்கும் சிறு தொகை, டிசம்பரில் வரும் ஒரு பெரிய காசோலையைவிட நம்பகமானது. ஜூன் மாத அலமாரி நிரம்ப இதுதான் வழி.

அடுத்து, தொலைவிலுள்ள மறைபணித் தளங்களுக்குப் பங்கிலிருந்து குழுவாகப் போவது. இளையோர் இதில் ஆர்வமாக வருகிறார்கள், நல்லது. ஆனால் மூன்று நாள் போய்ப் பள்ளிச் சுவருக்கு வர்ணம் அடித்துவிட்டு வந்தால், அங்கே அந்த வேலையைக் கூலிக்குச் செய்யக்கூடியவரின் சம்பளத்தைப் பறித்ததுதான் மிச்சம். பயணச் செலவில் ஒரு பகுதியை அனுப்பியிருந்தால் அவர்களே செய்திருப்பார்கள். மருத்துவ முகாம் இன்னும் சிக்கல். இரத்த அழுத்தம் இருக்கிறது என்று கண்டுபிடித்துப் பத்து நாள் மாத்திரை கொடுத்தால் பதினோராம் நாள் என்ன? பெரும்பாலானோருக்கு அது ஆண்டுக்கணக்கில் சாப்பிட வேண்டிய மாத்திரை. அருகிலுள்ள மருத்துவமனை எது, அடுத்த மாதம் மாத்திரை யார் தருவார், யார் நினைவூட்டுவார் என்று முடிவாகாமல் முகாம் நடத்த வேண்டாம். போவதற்கு ஒரு மாதம் முன்பே அங்குள்ள குருவிடமோ சகோதரிகளிடமோ பட்டியல் கேளுங்கள். பெரும்பாலும் பொருளைவிட, கணக்கு சொல்லித்தர ஒரு ஆள், மின்சாரக் கோளாறு பார்க்க ஒரு ஆள் என்றுதான் கேட்பார்கள்.

பிள்ளைகளோடு வேலை செய்யும் தன்னார்வலர் யாராக இருந்தாலும், மூடிய அறையில் ஒரு பிள்ளையோடு தனியாக இருக்கக் கூடாது. பங்குத்தந்தைக்கும் அதே விதி. இதில் முகதாட்சண்யம் பார்க்கவே கூடாது.

"உதவி செய்கிறீர்களே, எத்தனை பேர் திருமுழுக்கு (ஞானஸ்நானம்) வாங்கினார்கள்?" என்று கேட்பவர்கள் நம் பங்குகளிலேயே உண்டு. திருத்தந்தை 16ஆம் பெனடிக்ட் 2005ஆம் ஆண்டுச் சுற்றுமடலில் இதற்குப் பதில் சொல்லிவிட்டார்: அன்பு இலவசமானது, வேறு நோக்கங்களை அடையும் வழியாக அதைச் செய்யக் கூடாது. கடவுளைப் பற்றி எப்போது பேச வேண்டும், எப்போது பேசாமல் இருக்க வேண்டும் என்று கிறிஸ்தவருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்றும் எழுதினார். அதே சமயம், கத்தோலிக்க நோயாளி வீட்டுக்குப் போய் அரிசிப் பையை வைத்துவிட்டு, நற்கருணை வேண்டுமா என்று கேட்காமல் வருவதும் குறைதான். கேளுங்கள், பங்குத்தந்தையிடம் சொல்லுங்கள். ஜெபிக்கச் சொன்னால் ஜெபியுங்கள். பிற சமயத்தார் வீட்டில் நலம் விசாரித்துவிட்டு வந்தால் போதும்.

தன்னார்வலர்கள் ஏன் ஓடிவிடுகிறார்கள்? முதல் மாதம் நாலு பேர் எல்லா வேலையையும் இழுத்துப்போட்டுச் செய்வார்கள், ஆறாம் மாதம் அந்த நாலு பேரும் இருக்க மாட்டார்கள். ஆளுக்கு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, இரண்டு மணி நேரம், வர முடியாவிட்டால் யார் மாற்று என்பது முதலிலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும். புதியவரைப் பழகியவரோடு சில சந்திப்புகளுக்கு அனுப்பிய பிறகே பொறுப்பு கொடுங்கள். திருத்தூதர் காலத்திலேயே கைம்பெண்களுக்கான அன்றாடப் பந்தியில் ஒரு தரப்பு கவனிக்கப்படவில்லை என்று முணுமுணுப்பு எழுந்தது. அதற்காக எழுவரைத் தேர்ந்தெடுத்து அதை அவர்கள் பொறுப்பில் விட்டார்கள். பங்குத்தந்தையே எல்லாவற்றையும் சுமக்கும் பங்குகள் இதைச் சொல்லும் திருத்தூதர் பணிகள் நூலின் ஆறாம் அதிகாரத்தை இன்னொருமுறை வாசிக்கலாம்.

கடைசியாகப் பதிவேடு. ஒரு வீட்டுக்கு ஒரு பக்கம்: சந்தித்த தேதி, தேவை, கொடுத்தது, அடுத்து எப்போது, எப்போது நிறுத்துவது. இது பெரும்பாலும் தலைவர் வீட்டு அலமாரியில் கிடக்கும். தலைவர் மாறினாலோ பங்குத்தந்தை மாற்றலாகிப் போனாலோ, புதியவர்கள் முதல் வீட்டிலிருந்து மறுபடியும் "என்ன கஷ்டம்?" என்று கேட்கத் தொடங்குவார்கள். இரண்டு பிரதி வையுங்கள், ஒன்று பங்கு அலுவலகத்தில் பூட்டிய அலமாரியில். மாற்றல் உத்தரவு வந்த வாரமே பழையவரும் புதியவரும் சேர்ந்து, பதிவேட்டில் உள்ள எல்லா வீடுகளுக்கும் ஒருமுறை போய்வர வேண்டும்.