பிரிட்டிஷ்காரர்கள் பற்றிய அந்த ஃபார்வர்டு தவறானது

"கணவன் அல்லது மனைவியின் நாட்டுக்குக் குடிபோன பிரிட்டிஷ்காரர்களில் பெரும்பாலானோர் வருந்துகிறார்கள் என்று பிரிட்டன் அரசுக் கணக்கே சொல்கிறது, போனதும் குடியுரிமையும் ஓய்வூதியமும் பறிபோகும்" என்று ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. இது தவறு.

பிரிட்டனின் தேசியப் புள்ளிவிவர அலுவலகம் எத்தனை பேர் போனார்கள், எத்தனை பேர் வந்தார்கள் என்றுதான் கணக்கிடுகிறது. திரும்பி வந்தவர்களை எல்லாம் வருந்தி வந்தவர்கள் என்று எப்படிச் சொல்ல முடியும்? வயதான அம்மா அப்பாவைப் பார்த்துக்கொள்ள வருகிறவர்களும் அதில் இருப்பார்கள்.

வெளிநாட்டவரை மணந்து அங்கே வாழ்வதால் மட்டும் பிரிட்டிஷ் குடியுரிமை போகாது. 15 ஆண்டு வெளியே இருந்தால் ஓட்டு கிடையாது என்ற வரம்பும் 2024 ஜனவரியில் நீங்கிவிட்டது.

அப்புறம் ஓய்வூதியம். அதுவும் நிற்காது, ஆனால் இந்தியா, ஆஸ்திரேலியா, கனடாவில் குடியிருந்தால் ஆண்டுதோறும் வரும் உயர்வு கிடைக்காது, அமெரிக்காவிலும் ஐரோப்பிய ஒன்றிய நாடுகளிலும் கிடைக்கும். இது நிஜமான நஷ்டம், கிளம்பும் முன்பே யோசிக்க வேண்டியது.

இன்னொன்று, துணையோடு பிரிட்டன் திரும்புவது. 2024 ஏப்ரல் முதல், புதிதாகத் துணைவர் விசா கேட்பவர்களுக்குப் பொதுவாக ஆண்டு வருமானம் 29,000 பவுண்டு காட்ட வேண்டும், முன்பு 18,600தான். பல குடும்பங்களை இது உண்மையிலேயே பிரித்து வைக்கிறது.

விதிகள் எல்லாம் பிரிட்டன் அரசின் கவ்.யூகே தளத்தில் இருக்கின்றன, பார்த்துக்கொள்ளுங்கள். அந்தச் செய்தி வந்தால் யாருக்கும் அனுப்பாதீர்கள், அனுப்பியவரிடமும் சொல்லுங்கள்.