தோளால் மட்டும் இடித்தால் அது டேக்கிளா?

ரக்பியில் டேக்கிளுக்கு, அதாவது பந்தோடு ஓடும் எதிராளியைத் தரையில் சாய்ப்பதற்கு, கையால் பிடிக்க வேண்டியதில்லை, தோளால் இடித்துச் சாய்த்தாலே போதும் என்று ஒரு அண்ணன் எழுதியிருக்கிறார். பலர் அதைப் பகிர்ந்தும் விட்டார்கள். மன்னிக்கணும், விதி அப்படி இல்லை.

உலக ரக்பி அமைப்பின் விதி 9.16-இன்படி, பந்து வைத்திருப்பவரைப் பிடிக்க முயலாமல் மோதித் தள்ளுவது தவறாட்டம். தண்டனை பெனால்டி, ஆபத்தான மோதல் என்றால் அட்டையும் வரும்.

கிருஷ்ணகிரியில் நம்ம பையன்கள் கபடியில் டேஷ் அடித்து, அதாவது பிடிக்காமல் உடம்பால் இடித்துத் தள்ளிப் பழகியவர்கள், அதனால் இந்தக் குழப்பம் வருவது புரிகிறது. அவர்களை முதலில் முழங்காலில் நிற்க வைத்துத்தான் டேக்கிள் சொல்லித் தருகிறோம். தலை நிமிர்ந்திருக்க வேண்டும், கன்னம் ஓடுபவனின் இடுப்புக்குப் பின்பக்கமாக ஒட்ட வேண்டும், அவன் ஓடும் வழிக்கு முன்னால் தலை போகவே கூடாது. தோள் பட்டதும் இரண்டு கையும் தொடையைச் சுற்றி இறுக வேண்டும். கையை மடக்கிக்கொண்டு பாய்கிற பையனுக்குத் தன் தலை எங்கே போய் முட்டும் என்று அவனுக்கே தெரியாது!

சந்தேகம் இருந்தால் உலக ரக்பியின் இணையதளத்தில் விதிகள் பகுதிக்குப் போங்கள், இலவசம்தான். 9-வது விதியைத் திறந்து 16-வது பிரிவைப் படியுங்கள். ஒரே வரிதான்.