சருகைக் குப்பை என்று சொல்லாதீர்கள் சார்

என் முற்றத்தில் கிடக்கும் சருகைக் குப்பை என்று காட்டிப் போட்ட அந்தப் படத்தைப் பற்றி இனி ஒரு வார்த்தை எழுதுவதில்லை என்றுதான் இருந்தேன். எங்கள் தெரு வாட்ஸ்அப் குரூப்பில் அதை யார் போட்டார், கீழே யார் யார் கைதட்டினார்கள் என்பது உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். மீதிப் பேருக்கு முதலிலிருந்து கதை சொல்ல எனக்குத் தெம்பில்லை. ஆனால் இன்று காலை பால் வாங்கப் போன இடத்தில் ஒருவர், "என்ன மேடம், இன்னும் குப்பையை அள்ளலையா?" என்று சிரித்தார். அந்தச் சிரிப்புக்காகத்தான் இந்தப் பதிவு.

அது குப்பை இல்லை. சருகு. என் வீட்டுச் சுவருக்கு உள்ளே, என் மரங்களிலிருந்து விழுந்து, செடிகளின் தூரைச் சுற்றி நானே பரப்பி வைத்த சருகு.

கிருஷ்ணகிரியில் வீட்டைச் சுற்றி நாலு செடி வைத்தவர்களுக்கு நம் மண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. செம்மண், பாதி சரளை. ஐப்பசி மழை வெறும் மண்ணில் அடித்தால் மேல்மண் கரைந்து தெருவுக்குப் போய்விடும். மழை விட்டு ரெண்டு நாள் வெயில் காய்ந்தால் மேலே இறுகி, போட்ட விதை முளைத்தும் தலை நீட்ட முடியாது. அதே இடத்தில் நாலு விரல் உயரத்துக்குச் சருகு கிடந்தால், மழைத்துளி சருகில் விழுந்து மெதுவாக இறங்குகிறது. தக்காளியின் அடி இலைகளில் சேறு தெறிப்பதில்லை. மண்ணில் இருக்கும் பூஞ்சை அந்தச் சேற்றோடுதான் செடிக்கு ஏறுகிறது. பாலக்கோடு, ராயக்கோட்டைப் பக்கம் தக்காளி போடுகிறவர்கள் களை வராமல், ஈரம் காயாமல் இருக்கக் காசு கொடுத்து, மண்ணை மூடும் பிளாஸ்டிக் மல்ச்சிங் ஷீட் விரிக்கிறார்கள். எனக்கு மரமே விரித்துத் தருகிறது. அதை அள்ளி நகராட்சி வண்டியில் போட வேண்டுமாம்.

இதில் இன்னொருவர், "அக்டோபர் இலையுதிர்காலம், வெளிநாட்டில் எப்படி வாரி மூட்டை கட்டி வைக்கிறார்கள் பாருங்கள்" என்று அமெரிக்காவில் இருக்கும் மகன் வீட்டுப் படத்தைப் போட்டார். அழகான படம்தான். ஆனால் அங்கே பனி வருவதற்கு முன்னால் மரம் மொத்தமாகக் கொட்டிவிட்டுத் தூங்கப் போகிறது. தோட்டக்காரருக்கும் வேலை முடிந்தது. நமக்கு ஐப்பசி, கார்த்திகையில்தான் வேலையே ஆரம்பம். தென்மேற்கு மழையும் கொஞ்சம் கிடைத்து, வடகிழக்கு மழையும் கிடைக்கிற மாவட்டம் இது. முள்ளங்கி, கொத்தமல்லி, கத்தரி, தக்காளி எல்லாம் கிடுகிடுவென்று வருவது இந்த மாதங்களில்தான்.

நம் மரங்கள் ஒரே மாதத்தில் எல்லாம் கூடிக் கொட்டுவதும் இல்லை. தண்ணீர் தேங்கினால் முருங்கை இப்போதே மஞ்சளடித்து உதிர்க்கும். வாதாமரம் தை, மாசியில் சிவந்து கொட்டும். வேம்பும் புங்கனும் மாசி, பங்குனியில், கோடைக்கு முன்னால் இருக்கிற தண்ணீரை மிச்சம் பிடிக்கக் கொட்டிவிட்டு, சித்திரைக்குள் தளிர்த்து நிற்கும். மாமரத்துக்குக் காலமே கிடையாது, வருஷம் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக்கொண்டே இருக்கும். அமெரிக்கப் படத்தைப் பார்த்து நம் ஊர் முற்றத்தைக் கூட்டச் சொன்னால் நான் என்ன செய்ய?

சரி, கொசுவுக்கு வருகிறேன். டெங்கு காலத்தில் இப்படி வைத்திருக்கலாமா என்று கேட்டார்கள். எனக்கு அதிகம் வலித்தது இதுதான், ஏதோ தெருப் பிள்ளைகளுக்கு நான் காய்ச்சல் கொண்டுவருகிற மாதிரி. டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடுவது தேங்கி நிற்கும் தண்ணீரில். ஒரு வாரம், பத்து நாளில் முட்டை கொசுவாகிவிடும். அதனால்தான் சுகாதாரப் பணியாளர்கள் வந்தால் டிரம்மைத் திறந்து பார்க்கிறார்கள், டயரைக் கவிழ்க்கிறார்கள், தேங்காய்த் தொட்டியையும் ஃபிரிட்ஜ் பின்னால் இருக்கும் தட்டையும் பார்க்கிறார்கள். மண்ணோடு கிடக்கும் சருகில் பெரும்பாலும் தண்ணீர் நிற்காது சார், கீழே இறங்கிவிடும். தண்ணீர் நிற்பது எங்கே தெரியுமா? மூடியில்லாத டிரம்மில். படம் போட்டவர் வீட்டு மொட்டை மாடியில் அப்படி ஒன்று இருக்கிறது, என் மாடியில் துணி காயப்போடும்போது தினமும் கண்ணில் படுகிறது. அதைப் படம் எடுத்துப் போட எனக்கு எவ்வளவு நேரமாகும்? போடவில்லை. போட மாட்டேன்.

பாம்பு வரும் என்கிறீர்கள். வரலாம். எலி இருந்தாலும் வரும், கல் குவிந்திருந்தாலும் வரும். நான் குச்சியால் தட்டாமல் உள்ளே கை விடுவதில்லை, இருட்டினால் இறங்குவதில்லை. அவ்வளவுதான் சொல்ல முடியும்.

சாக்கடை அடைக்கிறதாம். காற்றுக்கு நாலு இலை பறந்து போவது உண்மைதான். ஆனால் போன மழைக்குச் சாக்கடையைக் குத்திவிட்டபோது வெளியே வந்தது முழுக்க பால் கவரும் தண்ணீர் பாட்டிலும். அது எந்த மரத்தில் காய்க்கிறது என்று யாராவது சொன்னால் நானே வெட்டிவிடுகிறேன்.

கைதட்டியவர்களில் ஒருவர் அன்று சாயங்காலமே தன் வாசலில் ஈரச் சருகைக் குவித்து, பழைய பேப்பர் வைத்துக் கொளுத்தினார். எரியவில்லை, புகைந்தது. அம்மாவுக்கு ராத்திரி முழுக்க இருமல். 2016-இல் வந்த திடக்கழிவு விதிகளிலேயே தெருவில் கழிவை எரிக்கக் கூடாது என்று இருந்தது. தோட்டக் கழிவைத் தனியாக, அவரவர் இடத்திலேயே சேர்த்து வைக்க வேண்டும் என்றும் இருந்தது. அதாவது குரூப்பில் படம் வரவேண்டியது என் முற்றமா, அந்தப் புகையா?

இத்தனைக்கும் அம்மா என் கட்சி இல்லை. "இலை கெடந்தா லட்சுமி எப்படி வருவா" என்று அவரும் முனகுகிறார். வாசலை நான் தினமும் கூட்டிக் கோலம் போடுகிறேன், லட்சுமி அந்த வழியாக வரட்டும். பின்பக்கம் மண்புழுவுக்கு. அம்மா பிறந்தது பென்னாகரம் பக்கம் மானாவாரிக் காட்டில். பாட்டி காலத்தில் ராகிக்கு நடுவில் சால் விட்டு அவரையும் மொச்சையும் போடுவார்கள். ராகி அறுத்த பிறகும் அவரை நின்று மார்கழிப் பனியில் பூவும் காயுமாக இருக்கும். கூட்டின சருகு, சாணி, ராகித் தட்டில் மாடு தின்றது போக மிச்சம் எல்லாம் எருக்குழிக்குப் போகும். தீப்பெட்டியை எடுத்துக்கொண்டு யாரும் சருகுக்குப் பக்கத்தில் போனதாக அம்மாவுக்கே நினைவில்லை. கேட்டுப் பார்த்தேன். "அது காடு, இது டவுன்" என்றார். டவுனுக்கு மண் வேண்டாமா?

வேண்டாம் போலிருக்கிறது. எங்கள் தெருவில் முக்கால்வாசி வீடுகளில் கேட்டிலிருந்து பின்சுவர் வரை பேவர் பிளாக். மழைத்தண்ணீர் மண்ணைத் தொடாமலே சாக்கடைக்குப் போகிறது. பங்குனியில் போர் வற்றிவிட்டது என்று லாரித் தண்ணீருக்கு நிற்பார்கள். தொட்டியில் ரோஜா வைக்க நர்சரியில் மூட்டை மூட்டையாக மட்கிய உரம் வாங்குவார்கள். அது எதிலிருந்து வந்தது என்று நினைத்தார்களோ!

படம் போட்டவரைப் பற்றி ஒன்று சொல்லியே ஆகவேண்டும். டிசம்பர் 30 வந்தால் இயற்கை விவசாயத்துக்காக வாழ்ந்த நம்மாழ்வார் ஐயா படத்தைப் போட்டு நினைவஞ்சலி பகிர்பவர் அவர். அந்த மனிதர் மேடை மேடையாகச் சொன்ன மூடாக்குதான், மண்ணைச் சருகால் மூடி வைப்பதுதான், சார் உங்கள் படத்தில் இருப்பது. போன கார்த்திகையில் என் சுவர் தாண்டி உங்கள் பக்கம் படர்ந்த அவரையை, "மேடம், காய் பிஞ்சா இருக்கு, பறிச்சுக்கட்டுமா" என்று கேட்டுப் பறித்தவரும் நீங்கள்தான். அந்த அவரை எதைத் தின்று வளர்ந்தது?

"இதுக்கு இவ்வளவு நீளமாக எழுதணுமா, விட்டுவிடலாமே" என்று எழுதப்போகிறவர்களுக்கு: விட்டிருப்பேன். எங்கள் கேட்டுக்கும் அவர்கள் கேட்டுக்கும் நடுவில் ஒரு வேப்பமரம்தான். தட்டிக் கேட்டிருக்கலாம். நான் அதே குரூப்பில்தான் இருக்கிறேன், என்னிடமே எழுதியிருக்கலாம். படத்துக்குக் கீழே என் வீட்டுக்காரர் பெயரைப் போட்டு, "சார், வீட்ல மேடத்துகிட்ட கொஞ்சம் சொல்லுங்க" என்று எழுதியிருந்தது. குழி வெட்டியது நான், விதை போட்டது நான், மழையில் நனைந்து பந்தல் கட்டியது நான். அவருக்குக் கத்தரிக்கும் சுண்டைக்கும் நாற்றில் வித்தியாசம் தெரியாது. பாவம், அந்தச் செய்தியைப் பார்த்துவிட்டு என்னிடம் சொல்லலாமா வேண்டாமா என்று ராத்திரிச் சாப்பாடு வரை முழித்துக்கொண்டிருந்தார். ஒரு பொம்பளை தன் தோட்டத்தை எப்படி வைத்துக்கொள்கிறாள் என்பதைக்கூட அவள் புருஷனிடம்தான் கேட்பீர்களா?

சருகை நான் அள்ளப்போவதில்லை. மாசியில் உங்கள் வீட்டு வாதாமரம் கொட்டும்போது, கிருஷ்ணகிரிக்குள் இருப்பவர்கள் யாரும் எரிக்க வேண்டாம். சாக்கில் கட்டி வைத்துவிட்டுத் தகவல் சொல்லுங்கள், வந்து எடுத்துக்கொள்கிறேன். வண்டி ஓட்டுவது என் வீட்டுக்காரர். அவரிடம் ஏதாவது சொல்லியே ஆகவேண்டும் என்றால், எந்த வீட்டு வாசலில் மூட்டை இருக்கிறது என்பதைச் சொல்லுங்கள், போதும்.