வேஷ்டியில் விழுந்த குழம்பு

நம் சபையார் கூடி உண்ணும் அசனப் பந்தியில், பரிமாறிய ஒரு பையனைச் சபை மூப்பர் ஒருவர் திட்டியதைப் பற்றி இனி யாரும் எழுத வேண்டாம், அது சின்ன விஷயம், அதைப் பெரிதாக்குவது பிசாசுக்கு இடங்கொடுப்பதாகும் என்று நம் சேகரத்து, அதாவது நம் திருச்சபை வட்டாரத்து, வாட்ஸ்அப் குழுவில் நேற்று இரவு ஓர் அறிவுரை வந்தது. சொன்ன பெரியவருக்கு என் ஸ்தோத்திரங்கள். அவர் சொன்னதில் பாதியை முழு மனதோடு ஒப்புக்கொள்கிறேன். அது சின்ன விஷயந்தான். சின்ன விஷயம் என்பதால்தான் எழுதுகிறேன்.

அதன் வீடியோவை எல்லோரும் பார்த்துவிட்டீர்கள். ஆனால் அது சத்தம் எழும்பிய பிறகுதான் தொடங்குகிறது. அதற்கு முன் நடந்ததை, எதிர் வரிசையில் இலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்த நான் பார்த்தேன். அந்தப் பையன் பத்தாம் வகுப்பைத் தாண்டியிருக்க மாட்டான். குழம்பு வாளியின் கைப்பிடி சூடாக இருந்ததால் தோளில் கிடந்த துண்டை அதில் சுற்றி, உடம்பை ஒருபுறமாகச் சாய்த்துத் தூக்கிக்கொண்டு வந்தான். பின்னால் சோற்றுக் கடகத்தோடு வந்தவர் அவன் முழங்கையில் இடித்தார். கரண்டியிலிருந்து அரைக் கரண்டி குழம்பு அந்த மூப்பரின் வேஷ்டியில், முழங்காலுக்குச் சற்று மேலே விழுந்தது. நடந்தது அவ்வளவுதான். அதற்குப் பிறகு வந்த சொற்களை நான் இங்கே எழுதப் போவதில்லை. ஒன்றை மட்டும் எழுதுகிறேன், ஏனெனில் வீடியோவில் அது தெளிவாகக் கேட்கிறது: "உங்க அப்பன் யாருடா?"

பையன் வாளியைக் கீழே வைத்தான். துண்டைக் கைப்பிடியிலேயே விட்டுவிட்டுப் போனான். அவன் சாப்பிடவில்லை.

பெரிய சோதனை வரும்போது நாம் எல்லோரும் ஓரளவு நன்றாகவே நடந்துகொள்கிறோம். வீட்டில் ஒரு மரணம், மருத்துவமனையில் ஓர் அறுவைச் சிகிச்சை, தொழிலில் பெரும் நஷ்டம் என்று வந்தால் ஊரே நம்மைப் பார்க்கிறது என்பது நமக்குத் தெரியும். ஜெபிக்கிறோம், வசனங்களை நினைவுபடுத்திக்கொள்கிறோம், விசுவாசியைப் போலப் பேச வேண்டும் என்று நம்மை நாமே தயார்ப்படுத்திக்கொள்கிறோம். அரைக் கரண்டிக் குழம்புக்கு யாரும் தயாராக வருவதில்லை. அந்த நொடியில் வாயிலிருந்து வருவது ஏற்கெனவே உள்ளே இருந்தது மட்டுமே. "இருதயத்தின் நிறைவினால் அவனவன் வாய் பேசும்" என்று ஆண்டவர் சொன்னதை நாம் சுவரில் எழுதி மாட்டுகிறோம். பந்தியில் மட்டும் அதற்கு விடுமுறை கொடுத்துவிடுகிறோம். பனங்காட்டு ஊர்களில் பிறந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சாறு புளிக்காமலிருக்கச் சுண்ணாம்பு தடவிய கலயமும் தடவாத கலயமும் விடியற்காலையில் ஒன்று போலவே தெரியும். வெயில் ஏறும்போதுதான் எதில் பதநீர், எதில் கள் என்று தெரியும். வெயில் கள்ளை உண்டாக்கியது என்று யாரும் சொல்வதில்லை.

தீர்க்கதரிசி யோனாவைப் பற்றி நம் பிரசங்கங்களில் அவரை விழுங்கிய மீனோடு நிறுத்திவிடுகிறோம். நான்காம் அதிகாரத்தை யாரும் தொடுவதில்லை. கடலில் தூக்கி எறியப்பட்டபோது ஜெபித்த மனிதர், நினிவே என்ற மகா நகரத்தின் தெருக்களில் தனியாக நடந்து தீர்ப்பை அறிவித்த மனிதர், ஓர் ஆமணக்குச் செடி வாடியதற்காகச் சாவை வேண்டிக்கொள்கிறார். நிழல் போனது, வெயில் உச்சந்தலையில் பட்டது, வேறொன்றும் இல்லை. "ஆமணக்கினிமித்தம் எரிச்சலாயிருக்கிறது நல்லதோ" என்று தேவன் கேட்டால், மரணபரியந்தமும் எரிச்சலாயிருக்கிறது நல்லதுதான் என்று பதில் வருகிறது. செடியையும் அதை அரித்த பூச்சியையும் கட்டளையிட்டவர் தேவனே என்று அந்த அதிகாரம் சொல்வதைக் கவனியுங்கள். நினிவே மன்னிக்கப்பட்டதில் யோனாவுக்கிருந்த கசப்பு எவ்வளவு ஆழமானது என்பதை வெளியே கொண்டுவர, புயலும் மீனும் போதவில்லை, ஒரு பூச்சி தேவைப்பட்டது. வலதுகைக்கும் இடதுகைக்கும் வித்தியாசம் அறியாத இலட்சத்து இருபதினாயிரம் பேரைவிடத் தன் தலைக்கு மேலிருந்த நிழல் அவருக்குப் பெரிதாக இருந்தது. ஒரு பையனின் முகத்தைவிட ஒரு வேஷ்டி பெரிதாக இருந்ததைப் போல.

என் தகப்பனாரைப் பற்றி இங்கே சொல்ல வேண்டியிருக்கிறது. அவர் மிஷன் பள்ளியில் தலைமை ஆசிரியராக இருந்தவர். என் தங்கை சிறு வயதில் இறந்தபோது கல்லறைத் தோட்டத்தில் அவரே பாட்டை எடுத்துக் கொடுத்தார், குரல் நடுங்கவில்லை. அந்த விசுவாசத்தைப் பற்றி இன்றும் ஊரில் பேசுகிறார்கள், நானும் பெருமையோடு கேட்டுக்கொள்கிறேன். ஆனால் அதே வீட்டில், காலைக் காப்பியில் பாலாடை மிதந்தால் டம்ளர் தரையில் உருளும். அம்மா ஒன்றும் பேசாமல் குனிந்து டம்ளரை எடுப்பார். அடுத்த காப்பியை வடிகட்டி, விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து, விரல் நுனியால் மேலே ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் கொண்டுபோய் வைப்பார். பிள்ளைகளான நாங்கள் தகப்பனாரைக் கல்லறைத் தோட்டத்தில் அறிந்துகொள்ளவில்லை. அந்த டம்ளரில்தான் அறிந்துகொண்டோம். அவர் நல்லவரா என்று கேட்டால் நல்லவர் என்றுதான் சொல்வேன். அம்மா பயந்துகொண்டிருந்தாரா என்று கேட்டாலும் ஆம் என்றுதான் சொல்ல வேண்டியிருக்கும். இரண்டாவது கேள்வியை எங்களிடம் இதுவரை யாரும் கேட்டதில்லை.

இப்போது முகநூலில் என் முந்தைய பதிவுக்கு வந்த எதிர்ப்புகளுக்கு வருகிறேன். அந்த மூப்பருக்குச் சர்க்கரை இருக்கிறது, பந்தி இரண்டு மணிக்கு மேல் தாமதமானது, பசி வந்தால் யாருக்கும் கோபம் வரும் என்கிறார்கள். இது நியாயமான வாதம். உடம்பு சோர்ந்தால் மனமும் சோரும் என்பதை வேதம் மறுக்கவில்லை. சூரைச்செடியின் கீழ் சாவைக் கேட்ட தீர்க்கதரிசி எலியாவுக்குத் தேவன் முதலில் பிரசங்கம் செய்யவில்லை, தூக்கத்தையும் அடையையும் தண்ணீரையும்தான் கொடுத்தார். ஆகவே கோபம் வந்ததைப் பற்றி நான் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அந்தக் கோபம் யாரைப் பார்த்து வந்தது என்பதைத்தான் கேட்கிறேன். அதே சர்க்கரை, அதே பசி, அதே இரண்டு மணி. குழம்பைச் சிந்தியவர் அன்று மேடையில் அமர்ந்திருந்த சிறப்பு விருந்தினராக இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும்? "பரவாயில்லை ஐயா, வேஷ்டிதானே" என்று சிரித்திருப்பார். அந்தக் கறையை அடுத்த ஆண்டு வரை பெருமையாகச் சொல்லிக்கொண்டிருப்பார். எனவே அடக்க முடியாத கோபம் என்று சொல்லாதீர்கள். ஆள் பார்த்து அடங்கத் தெரிந்த கோபம் அது.

இயேசுவும் தேவாலயத்தில் சாட்டை எடுத்தாரே என்று ஒரு தம்பி எழுதியிருக்கிறார். வேஷ்டியை ஆலயத்தோடு ஒப்பிட்ட முதல் வேத அறிஞர் என்ற வகையில் அவரை வாழ்த்துகிறேன். ஆண்டவருடைய கோபத்தைப் பார்க்க வேண்டுமானால் மாற்கு பத்தாம் அதிகாரத்தையும் திறந்து பாருங்கள். பிள்ளைகளைக் கொண்டுவந்தவர்களைச் சீஷர்கள் அதட்டினார்கள். "இயேசு அதைக் கண்டு விசனமடைந்து" என்று எழுதியிருக்கிறது. பிள்ளைகள்மேல் விசனமடையவில்லை. அதட்டிய பெரியவர்கள்மேல்தான் விசனமடைந்தார். தம்மையே வைதபோதோ அவர் பதில்வையவில்லை என்கிறார் பேதுரு.

இப்படி வாழ மனிதர்களால் முடியாது, எல்லாம் மேடையில் சொல்லத்தான் நன்றாக இருக்கும் என்பவர்களுக்கு ஒன்றைச் சொல்கிறேன். நம்மவர்களில் சிலர் கத்தோலிக்கர் பெயரைக் கேட்டாலே முகத்தைச் சுளிப்பார்கள், பொறுத்துக்கொள்ளுங்கள். பிரான்சில் லிசியே நகரத்துக் கார்மேல் மடத்தில் இருந்து, 1897-இல் தம் 24-ஆம் வயதில் காசநோயால் இறந்த குழந்தை தெரசா, தம் தன்வரலாற்றுக் குறிப்புகளில் சலவை இடத்தில் நடந்த ஒன்றை எழுதியிருக்கிறார். எதிரே கைக்குட்டைகளைத் துவைத்த சகோதரி ஒவ்வொரு முறையும் அழுக்குத் தண்ணீரை இவர் முகத்தில் தெறிக்கவிட்டாராம். பின்வாங்கி முகத்தைத் துடைத்துக்கொண்டு, கொஞ்சம் கவனமாகத் துவைக்கும்படி உணர்த்தலாம் என்றுதான் முதலில் தோன்றியிருக்கிறது. பிறகு ஒன்றையும் காட்டிக்கொள்ளாமல் அங்கேயே நின்றிருக்கிறார். தியான நேரத்தில் பின்னாலிருந்த ஒருவர் ஓயாமல் எழுப்பிய சிறு சத்தத்தைத் தாங்க முயன்று வேர்த்துப்போனதையும் அவரே எழுதியிருக்கிறார். எரிச்சல் வராத தெய்வப்பிறவியாக அவர் தம்மைக் காட்டிக்கொள்ளவில்லை. எனக்கு அந்த வேர்வைதான் பிடித்திருக்கிறது. உலகம் கேட்காத ஒரு மடத்துச் சுவருக்குள், கைக்குட்டைத் தண்ணீரோடு நடந்த போராட்டம் அது. நாமோ நூற்றுக்கணக்கானோர் நடுவில் ஒரு கறையிடம் தோற்றுவிட்டு, அதைச் சின்ன விஷயம் என்கிறோம்.

நீ என்ன யோக்கியன் என்றும் கேட்டிருக்கிறார்கள். அதற்கு என் பதில் எதுவாக இருந்தாலும் அந்தப் பையன் சாப்பிடாமல் போனது மாறப்போவதில்லை. சபையின் மானத்தை முகநூலில் ஏற்றுகிறாய் என்ற குற்றச்சாட்டு அதைவிட வேடிக்கையானது. சபையின் மானம் மைக் இல்லாமலேயே பந்தல் முழுவதும் கேட்டது. அன்று வாய் திறக்காத உங்களுக்கு, என் பதிவைப் பார்த்ததும் சபையின்மேல் இவ்வளவு வைராக்கியம் எங்கிருந்து வந்தது? என்னைக் குழுவிலிருந்து நீக்கியவருக்கும் ஒரு வார்த்தை: இத்தனை ஆண்டுகளில் ஒரு துக்க வீட்டுச் செய்தியைத் தவிர நான் அங்கே எதையும் எழுதியதில்லை. நீக்குவதற்கு முன் ஒரு தொலைபேசி அழைப்பு செய்திருக்கலாம்.

அசனம் என்பது என்ன? ஓட்டு வீட்டுக்காரரும் மாடி வீட்டுக்காரரும் காணிக்கையாகக் கொடுத்த அரிசியும் ஆடும் ஒரே அடுப்பில் வெந்து, ஒரே வரிசையில் இலை போட்டு உண்ணப்படுகிற உணவு. கொரிந்து சபையார் இப்படித்தான் கூடிச் சாப்பிட்டு, அதில் ஏழைகளைத் தலைகுனிய வைத்தார்கள். "தேவனுடைய சபையை அசட்டைபண்ணி, இல்லாதவர்களை வெட்கப்படுத்துகிறீர்களா?" என்று பவுல் கேட்டது அந்தப் பந்தியைப் பார்த்துத்தான். "உங்க அப்பன் யாருடா" என்ற கேள்விக்குப் பந்தலில் இருந்த எல்லோருக்கும் பதில் தெரியும். அவன் அப்பா பனை ஏறுகிறவர். கேட்டவருக்கும் தெரியும். தெரிந்துதான் கேட்டார்.

இதையும் சொல்லிவிடுகிறேன். கண்காணிகளுக்கு, அதாவது சபைத் தலைவர்களுக்கு, உரிய தகுதியாகத் தீத்துவுக்குப் பவுல் எழுதிய பட்டியலில் "முற்கோபமில்லாதவனும்" என்றும் "அடியாதவனும்" என்றும் இருக்கிறது. நம் சேகரத் தேர்தலில் எந்தக் குடும்பம், எந்த அணி, கோபுர வேலைக்கு எவ்வளவு கொடுத்தார் என்று கேட்டு வாக்களிக்கிறோம். வீட்டு வேலைக்கு வருகிற அக்காவிடம், கார் ஓட்டுகிற தம்பியிடம், ஆலயப் பணியாளரான கோயில்குட்டியாரிடம் இவர் எப்படிப் பேசுகிறார் என்று எந்த அணியாவது விசாரித்ததுண்டா? விசாரித்திருந்தால் இரண்டு அணிக்கும் ஆள் கிடைத்திருக்காது என்கிறீர்களா? அதுவும் உண்மையாக இருக்கலாம்.

கடைசியாக வந்த செய்தி இது. அடுத்த ஆண்டு முதல் பள்ளிப் பிள்ளைகள் பந்தியில் பரிமாறக் கூடாது, அனுபவமில்லாதவர்களால் குழப்பம் வருகிறது என்று இந்த வாரக் கமிட்டியில் தீர்மானம் கொண்டுவரப் போகிறார்களாம். மூப்பரிடம் இதுவரை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்தத் தீர்மானத்தை எதிர்த்துப் பேச நான் நேரம் கேட்டிருக்கிறேன். தராவிட்டால் எழுதிக் கொடுப்பேன். மினிட்ஸ் புத்தகத்தில் ஏறட்டும்.