சூடாகவா, ஆறியதாகவா?

(பிரேசிலின் பாஹியா மாநிலம், சால்வடோர் நகரம். பெலோரின்யு மேட்டில் அக்காரஜே என்னும் காராமணிப் பலகாரம் சுட்டு விற்கும் அம்மாவின் சட்டி முன்னால். வரிசையில் நான் மூன்றாவது ஆள்.)

மாணவன்: தண்ணீர்! அம்மா, தண்ணீர்!

அம்மா: இளநீர் எதிர்ப்பக்கம் விற்கிறார்கள், ராஜா. என்னிடம் எண்ணெய்தான் இருக்கிறது.

மாணவன்: "சூடாகவா, ஆறியதாகவா" என்று கேட்டீர்கள். சூடாக என்றேன். என்ன போட்டீர்கள் இதில்?

அம்மா: கேட்டதைத்தான் போட்டேன். இரண்டு கரண்டி மிளகாய் விழுது.

மாணவன்: சூடு என்றால் சூடு! அடுப்பிலிருந்து எடுத்த உடனே என்று பொருள்!

அம்மா: சட்டி கொதிப்பது உன் கண்ணில் படவில்லையா? நேற்றுச் சுட்டதை விற்கவா இங்கே உட்கார்ந்திருக்கிறேன்? பாஹியாவில் சூடு என்றால் காரம். ஆறியது என்றால் காரம் இல்லாதது.

மாணவன்: என் போர்த்துகீசியப் பாடப்புத்தகத்தில் அப்படி இல்லையே.

அம்மா: புத்தகத்துக்கு நாக்கு கிடையாதே, ராஜா.

மாணவன்: என்னை ஏன் ராஜா என்கிறீர்கள்? நான் ஆறு மாதம் படிக்க வந்தவன்.

அம்மா: இந்த ஊரில் எல்லோரும் ராஜாதான். உனக்குப் பின்னால் நான்கு ராஜாக்கள் பசியோடு நிற்கிறார்கள்.

(அவன் நகரவில்லை. நோட்டுப் புத்தகத்தைத் திறந்தான். எனக்கு வயிறு இரைந்தது.)

மாணவன்: என் ஆய்வுக் கட்டுரையே அக்காரஜே பற்றித்தான். "அக்காரா" மேற்கு ஆப்பிரிக்காவின் யோருபா மொழிச் சொல். "ஜே" என்றால் உண்பது. ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களோடு வந்த பண்டம். 2005இல் உங்கள் தொழிலை அரசாங்கமே தேசியப் பண்பாட்டுச் சொத்தாகப் பதிவு செய்தது. இதெல்லாம் உங்களுக்குத் தெரியுமா?

அம்மா: பதிவு செய்த அன்றைக்கும் நான் இதே சட்டிக்குப் பின்னால்தான் இருந்தேன். செம்பனை எண்ணெய் விலை ஏறியபடி இருந்தது. அதை யாரும் பதிவு செய்யவில்லை.

மாணவன்: சரி, செய்முறையைச் சொல்லுங்கள். காராமணியை ஊறவைத்து, தோல் நீக்கி, வெங்காயத்தோடு அரைப்பது. சரிதானே? ஒரே வரியில் எழுதிவிட்டேன்.

அம்மா: அந்தத் "தோல் நீக்கி" இருக்கிறதே, அது எனக்கு விடியற்காலை இரண்டு மணி நேரம்.

(பார்ப்பதற்கு நம் வடைக்குத் தூரத்துச் சொந்தம். பிளந்து உள்ளே காய்ந்த இறாலும், நிலக்கடலையும் தேங்காய்ப்பாலும் சேர்த்துக் கிளறிய வத்தபா விழுதும் அடைப்பார்கள். அடைத்ததைக் கையில் வாங்கும் யோகம் எனக்கு இன்னும் வரவில்லை.)

மாணவன்: உங்களை ஒரு படம் எடுத்துக்கொள்ளட்டுமா? வெள்ளை உடை, தலைப்பாகை, மணிமாலை...

அம்மா: ஒன்று வாங்கினால் படம் இலவசம்.

மாணவன்: வாங்கினேனே!

அம்மா: தின்று முடி. அப்போதுதான் கணக்கு.

மாணவன்: ஆறியதாக ஒன்று கொடுங்கள்.

அம்மா: இதோ. பார்த்து, சுடும்.

மாணவன்: ஐயோ! ஆறியது என்றீர்களே!

அம்மா: ஆறியதுதான். இப்போதுதான் எண்ணெயிலிருந்து எடுத்தேன்.

(வரிசையே சிரித்தது. நானும்தான்.)

மாணவன்: சற்று இடப்பக்கம் திரும்புங்கள். பின்னால் அந்த வண்ண வீடுகள் வர வேண்டும். 1985இல் யுனெஸ்கோ இந்த இடத்தை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. எவ்வளவு அழகு!

அம்மா: பெலோரின்யு என்றால் என்ன பொருள், ராஜா?

மாணவன்: அந்தப் பாடம் அடுத்த வாரம்.

அம்மா: கசையடித் தூண். அடிமைகளைக் கட்டிவைத்து அடித்த தூண். அந்த நீல வீடு தெரிகிறதா?

மாணவன்: தெரியாமல் என்ன! எங்கள் மொழி வகுப்பு அங்கேதான். மாடியில், மூலை அறை.

அம்மா: நான் பிறந்த அறை. தொண்ணூறுகளில் தெருவைப் புதுப்பிக்கிறோம் என்று கையில் ஏதோ சில்லறையைக் கொடுத்து எங்களை வெளியே அனுப்பினார்கள். பிறகுதான் வீட்டுக்கு நீலம் அடித்தார்கள். இப்போது இரண்டு பஸ் மாறி வந்து, அதற்கு எதிரில் உட்கார்ந்து உனக்குச் சுட்டுத் தருகிறேன்.

(கேமரா கீழே இறங்கியது.)

மாணவன்: அந்த அறையில்... மழை பெய்தால் ஜன்னலோரம் ஒழுகுகிறது, அம்மா.

அம்மா: இன்னுமா ஒழுகுகிறது? என் அப்பா அங்கே ஒரு வாளி வைத்திருந்தார். போ, வகுப்புக்கு நேரமாகவில்லையா? அதோ காபி வண்டி வருகிறது. ஒரு வாய் குடித்துவிட்டுப் போ, வாய் எரிச்சலாவது அடங்கும்.

மாணவன்: ஐயா, ஒரு காபி! ஆறியதாக! ஒரு துளிகூடச் சூடு இருக்கக் கூடாது!

அம்மா: (வண்டிக்காரரிடம்) தம்பி, நேற்றைய ஃபிளாஸ்க் ஏதாவது மிச்சம் இருக்கிறதா?