அந்நிய நுகம் என்றால் இந்து மாப்பிள்ளை மட்டும்தானா?

தை பிறந்தால் போதும், நம் சிங்கப்பூர் தமிழ்க் கிறிஸ்தவ வாட்ஸ்அப் குழுக்களில் சண்டை ஆரம்பித்துவிடும். லிட்டில் இந்தியாவின் கேம்பல் லேனில் பொங்கல் கரும்பு வாங்கலாமா? அடுக்குமாடி வீட்டின் கீழ்த்தளத்து வாய்ட் டெக் பொங்கலுக்குப் போய்ச் சாப்பிடலாமா? பொங்கல் அடங்கியதும் பொட்டு. அப்புறம் தாலி.

இது பழைய வழக்குங்க. 1606இல் மதுரைக்கு வந்த இத்தாலிய சேசு சபைக் குரு ராபர்ட் தெ நொபிலி, பூணூலும் குடுமியும் சந்தனமும் ஊர் வழக்கம்தான், அவற்றால் விசுவாசத்துக்குக் குறைவில்லை என்று வாதாடினார். 1623இல் போப் 15ஆம் கிரகோரி அதை அனுமதித்தார். 1704இல் புதுச்சேரியில் இருந்த போப்பின் தூதர் ஒருவர், பிள்ளையார் உருவம் உள்ள தாலியைக் கட்டக்கூடாது என்று ஆணையிட்டார். நாம் சிலுவையும் புறாவும் பொறித்துக் கட்டிக்கொண்டோம். தாலி பிழைத்தது, விசுவாசமும் பிழைத்தது. கரும்புக்கும் அதே தீர்ப்புதான் என்பது என் கட்சி.

கல்யாணம் அவ்வளவு லேசான விஷயம் இல்லை. பிடிஓ (அரசு கட்டித்தரும் அடுக்குமாடி) வீட்டுக்கு இருவரும் சேர்ந்து விண்ணப்பித்த பிறகுதான் பையன் இந்து என்று வீட்டில் சொல்கிறாள் பெண். உடனே பைபிளில் பவுல் எழுதிய வசனம் வரும்: "அந்நிய நுகத்திலே அவிசுவாசிகளுடன் பிணைக்கப்படாதிருப்பீர்களாக." பிள்ளைக்கு ஞானஸ்நானமா, காதுகுத்தா, ஞாயிற்றுக்கிழமை யார் எங்கே போவது என்பதெல்லாம் நிஜமான கேள்விகள். கத்தோலிக்கர்கள் ஆயரிடம் விலக்கு வாங்கித் தேவாலயத்திலேயே திருமணம் செய்ய ஒரு வழி வைத்திருக்கிறார்கள். மற்ற பல சபைகளில் அந்தப் பேச்சையே எடுக்க முடியாது. அதே பவுல்தான், அவிசுவாசியான மனைவி சேர்ந்து வாழச் சம்மதித்தால் அவளைத் தள்ளிவிடாதே என்றும் கொரிந்தியருக்கு எழுதினார். அந்த அதிகாரம் மட்டும் ஏனோ பிரசங்க மேடைக்கு வருவதே இல்லை.

சரி, வசனப்படியே போவோம். பையனும் பெண்ணும் ஒரே சபை, இருவருமே இரட்சிக்கப்பட்டவர்கள், ஒன்றாகப் பாடகர் குழுவில் பாடுகிறார்கள். இப்போது தடை என்ன? "இந்தியாவில் உங்களுக்கு எந்த ஊர்?" என்று மெதுவாக ஒரு அத்தை கேட்பார். ஊர் தெரிந்தால் தெரு, தெரு தெரிந்தால் மற்றது. மூன்று தலைமுறையாகச் சிங்கப்பூரில் இருப்பவர்கள், தமிழ் எழுத்துக்கூட்டிப் படிக்கிற பிள்ளைக்கு "நம்ம ஆட்களில்" வரன் தேடுகிறார்கள்! இதற்கு எந்த மூப்பரும் வசனம் எடுத்து வருவதில்லை.

1833இல் ஆங்கிலிக்கன் பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி உடனே ஒழிய வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பினார். தஞ்சாவூரில் பலர் சாதியை விட மனமில்லாமல் சபையை விட்டே போனார்கள். கிறிஸ்தவக் கவிஞர் தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரே சாதி வழக்கங்களுக்காக வாதாடியவர்தான். அவருடைய கீர்த்தனைகள் எனக்கு உயிர். அதற்காக இதை மறைத்துப் பேச முடியவில்லை.

பொட்டு வைத்தவளை நற்கருணைக்கு முன் முறைத்துப் பார்க்கிறோம். அதே பந்தியில் சாதி பார்த்து மருமகளை வேண்டாம் என்றவரும் அப்பத்தை வாங்குகிறார், அவரைப் பார்த்து யாருக்கும் முகம் சுளிக்கவில்லை.

திருமண ஆயத்த வகுப்பு நடத்தும் போதகர்கள், மாப்பிள்ளை பெண்ணோடு பெற்றோரையும் ஒரு நாள் உட்காரவைத்து இதை நேரடியாகக் கேட்கலாமே. சபைக் குழுவில் வரன் செய்தி போடும் அக்காமார்களே, யாராவது தனியாக "எந்த ஆட்கள்?" என்று செய்தி அனுப்பினால் அதை அப்படியே போதகருக்கு அனுப்பிவிடுங்கள். அடுத்த ஞாயிறு பிரசங்கத்துக்கு அவரும் தலைப்புத் தேடிக்கொண்டுதான் இருப்பார்.