போகஹான்டஸ் மணந்தது ஜான் ஸ்மித்தை அல்ல

"போகஹான்டஸ் கேப்டன் ஜான் ஸ்மித்தை மணந்து, ஜேம்ஸ்டவுன் குடியேறிகளைப் பட்டினியிலிருந்து காப்பாற்றினார்; பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்" என்று வாட்ஸ்அப்பில் பரவும் செய்தி தவறானது. போகஹான்டஸ், இன்றைய அமெரிக்காவின் வர்ஜீனியாவில் வாழ்ந்த பவ்ஹாட்டன் பழங்குடித் தலைவரின் மகள்; ஜேம்ஸ்டவுன், அங்கே 1607-இல் ஆங்கிலேயர் அமைத்த குடியிருப்பு; ஸ்மித் அதன் தலைவர்களில் ஒருவர். தொடக்க காலத்தில் உணவு கொண்டுவந்தவர்களோடு அவரும் வந்தது மெய்தான். ஆனால் 1607-இல் அவருக்கு வயது ஏறத்தாழ 11, 1614-இல் அவர் மணந்தது ஜான் ரால்ஃப் என்ற வேறொரு ஆங்கிலேயக் குடியேறியை. வெடிமருந்துத் தீக்காயத்தோடு ஸ்மித் 1609-இல் இங்கிலாந்து திரும்பியபின் வந்த குளிர்காலத்தில், பவ்ஹாட்டன் மக்களின் முற்றுகைக்குள் சிக்கிய ஜேம்ஸ்டவுன் கோட்டையில் குதிரை, நாய், எலி, காலணித் தோல் வரை தின்றும், சுமார் 300 பேரில் 60 பேர்தான் பிழைத்தனர். 2012-இல் அங்கே அகழ்ந்தெடுத்த, 14 வயதுச் சிறுமி ஒருத்தியின் மண்டையோட்டில், இறந்தபின் சதையை அறுத்த வெட்டுத் தடங்கள் இருந்ததை அமெரிக்காவின் அருங்காட்சியக, ஆய்வு அமைப்பான ஸ்மித்சோனியன் நிறுவனம் 2013-இல் அறிவித்தது. அதன் இணையதளத்தில் எவரும் சரிபார்க்கலாம். சாகசக் கதைகளை விரும்பும் பதின்வயதுப் பிள்ளைகள் இந்த உண்மை வரலாற்றையே கூடுதல் ஆர்வத்தோடு படிப்பார்கள் என்று நம்புகிறேன். அந்தச் செய்தியை இனி யாருக்கும் அனுப்ப வேண்டாம்.